சித்தூர் மேடம் மைக் பிடித்த திங்கள்கிழமை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், சின்னதாக இருந்தால் போதும் என்று கம்பெனியில் கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவனிடம் வந்து சின்னதாக எழுது என்றால் நடக்கிற காரியமா? ஆகவே ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். கமாண்டு எதையும் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் ஃபோனைத் தட்டினால் வந்துவிடும். நான் சொல்ல வந்தது எங்களோடு வேலை செய்த ஒரு பெண்மணியைப் பற்றி.

எங்கள் கம்பெனிக்குத் திருப்பதியில் ஒரு ஆபீஸ், சித்தூரில் ஒரு ஆபீஸ். நான் திருப்பதி ஆபீஸ். அவர் சித்தூர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி சித்தூர் மேடம் என்றே எழுதுகிறேன். வயதிலும் பதவியிலும் எனக்குச் சமம்தான். வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால்தான் கேட்கிறவர்களுக்குக் கஷ்டம். நான் நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்பதால் என்னிடம் மட்டும் வேண்டுமென்றே தமிழில் பேசுவார், நான் சிரிப்பேன், அவர் முறைப்பார். அப்படியே பல வருஷம் ஓடியது.

நம் தொழிலில் ஆளைத் திணற வைக்கிற வேலை எது என்று கேட்டால், ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக்குவதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மென்பொருளும் இன்னொன்றை நம்பித்தான் ஓடுகிறது. இது ஓட ஒரு லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கிற துணை நிரல், வேண்டும், அந்த லைப்ரரி பழசாக இருந்தால்தான் ஒருத்தனுக்குப் பிடிக்கும், புதுசாக இருந்தால்தான் இன்னொருத்தனுக்குப் பிடிக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க மாட்டோம் என்று மல்லுக்கு நிற்பார்கள். அப்போது கம்ப்யூட்டர் ரொம்ப மரியாதையாக நம்மிடம் கேட்கும்: இந்தப் பழைய மென்பொருள் பேக்கேஜை எடுத்துவிடட்டுமா, ஆமாவா இல்லையா என்று. நம்மில் பாதிப் பேர் படிக்காமலேயே ஆமா என்று தட்டிவிடுகிறோம். ஏற்கெனவே பசி, ஏற்கெனவே நேரமாகிவிட்டது, தட்டித் தொலைப்போம் என்றுதான் தோன்றும்.

சித்தூர் மேடம் மட்டும் தட்ட மாட்டார். "இது போனா யாரு சார் எழுந்து வந்து கேக்கறாங்க?" என்பார். பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்கு அப்கிரேடு செய்யப் போயிருந்தோம். யாருக்கும் எதற்கென்று தெரியாத ஒரு பேக்கேஜ் குறுக்கே நின்றது. எடுத்துவிடலாம் என்றேன். அவர் எடுக்கவில்லை, சும்மா நிறுத்தி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் லாரி எடை போடுகிற ஆள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "என்னா மேடம், எடைச் சீட்டு வர்ல, வெளிய லாரிக்காரனுங்க கத்திக்கினு கீறானுங்க!" மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து, "தொரிகாடு" என்றார். ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனை. ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. வரிசை எண் கொடுப்பது, மருந்துக் கணக்கு, ஸ்கேன் படம் எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர். அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. விழித்திரையைப் படம் பிடிக்கப் புதிதாக ஒரு மெஷின் வேறு வாங்கியிருந்தார்கள், அந்தப் படத்தைப் பார்க்கிற மென்பொருள் பழைய சிஸ்டத்தில் ஏறவே மாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வராத நாள் என்று நானும் மேடமும் உட்கார்ந்து அப்கிரேடு செய்தோம். எல்லாம் ஒழுங்காகப் போனது. திங்கள்கிழமை காலையில் படம் பார்க்கும் மென்பொருளை ஏற்றினால் முடிந்தது, மத்தியானம் நல்ல பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை ஏற்றப் போனால் முரண்டு பிடித்தது. ஒலிக்கும் படத்துக்கும் பொதுவான ஒரு லைப்ரரி. படம் பார்க்கும் மென்பொருளுக்கு அது புதுசாக வேண்டும். அதே லைப்ரரி பழசாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது இன்னொரு பேக்கேஜ். அது என்னவென்று பார்த்தால், வரிசை எண்ணைத் தமிழில் கூப்பிடுகிற குரல். அங்கே எண்ணை முதலில் தெலுங்கில் சொல்லும், அடுத்துத் தமிழில் சொல்லும். தெலுங்குக் குரல் புது சிஸ்டத்துக்குத் தகுந்த மாதிரி வந்துவிட்டது. தமிழ்க் குரலை எவரோ எப்போதோ செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், அதற்குப் புதுசு கிடையாது. அப்கிரேடு ஆனதிலிருந்து அது வாயையே திறக்கவில்லை. காலையிலிருந்து ஹாலில் தெலுங்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம்.

விழித்திரை டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர். சாப்பாட்டு நேரத்துக்குள் கிளம்பி வேலூர் போய்விடுவார். அவர் ஏற்கெனவே வந்து கோட்டு மாட்டிக்கொண்டு, படம் எங்கே படம் எங்கே என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். படம் தெரியாமல் லேசர் போட முடியாது. மருத்துவமனை மேனேஜர் எங்கள் தலைமேலேயே நின்றார். புத்தூர்க்காரர், நம் ஊர்த் தமிழர்தான்.

"இன்னா சார் இதுக்குப் போய் யோசிச்சிக்கினு? தமிழ்க் குரல எடுத்துடுங்க. நம்ம ஜனத்துக்குத் தெலுங்கு தெரியாதா இன்னா? கடைத்தெருவுல, ஆபீசுல எல்லாம் தெலுங்குலதானே பேசறாங்க? அதுவும் இல்லாம போர்டு கீது. பெருசா செவப்பா நம்பர் வருது. பாத்துக்கட்டும்."

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்தில் நாமெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறவர்கள். அப்படிப் பேசுகிறவனுக்கு எல்லோருமே அப்படித்தான் என்று தோன்றிவிடும். மெஷின் விற்ற கம்பெனிக்காரர் ஃபோனில் வேறு மாதிரி யோசனை சொன்னார். "ஃபோர்ஸ் போடுங்க சார், ரெண்டும் ஓடும்." அதாவது சண்டையைக் காதில் வாங்காமல் இரண்டையும் பலவந்தமாக ஏற்றிவிடுவது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்றைக்கு ஓடும் ஐயா, கண்ணுக்குள் லேசர் போய்க்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நின்றால் நீயா வந்து பதில் சொல்வாய் என்று கேட்டு ஃபோனை வைத்தேன். பிள்ளைகளே, ஃபோர்ஸ் என்பது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அது வெடிக்கிற நேரத்தை மட்டும் நமக்குத் தெரியாமல் செய்துவிடும்.

எடுத்துவிடலாமா என்று கேட்கத் திரும்பினால் மேடத்தைக் காணோம். இங்கே வீடு பற்றி எரிகிறது, இந்த அம்மா எங்கே போய்விட்டது என்று எட்டிப் பார்த்தேன். ஹாலில் நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், வேலையப் போட்டுட்டு அங்க என்னா உக்காந்துகினு கீறீங்க?"

கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். தலையில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை, பைக்கு மேலே வரிசைச் சீட்டு. மேடம் அவரிடம், "அம்மா, நம்பரு போர்டுல வந்துந்தா, பாத்தீங்களா?" என்று தன் தமிழில் கேட்டார்.

"எந்த போர்டும்மா?" என்றார் அந்தப் பெண்.

போர்டு அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கண் மருத்துவமனை. உள்ளே வந்த உடனே எல்லோர் கண்ணிலும் கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்தைப் போட்டுவிடுகிறார்கள். மருந்து ஏறின பிறகு அந்த ஹாலில் ஒருத்தருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது. அத்தனை பேரும் காதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு காசு போட்டு அந்த போர்டை யார் பார்க்க மாட்டினார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்தப் பெண் பெயர் சரோஜா. வரதய்யபாளையம் பக்கம் ஒரு கிராமம். மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரு கண்ணில்தான் போன வாரம் கிளை வீசி அடித்திருக்கிறது. "நேத்துலருந்து கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி வெட்டிக்கினே கீதும்மா. ஓரமா கறுப்புத் துணி தொங்கற மாதிரி கீது" என்று சாதாரணமாகச் சொன்னார். கூட வந்த தம்பி கீழே அரசு மருத்துவ அட்டைக்கு முத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தார்.

"உங்க நம்பரு கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. தெலுங்குல என்னமோ சொல்லிக்கினேதான் கீறாங்க. சந்தையில காய் விக்கற அளவுக்கு எனக்கும் தெலுங்கு வரும், இது வேகவேகமா போவுது, ஒன்னும் புரியல. போன தபா வந்தப்போ தெலுங்குல சொல்லி முடிச்சி அப்பால தமிழ்ல சொன்னாங்க. அந்தத் தமிழுக்குத்தான் காத்துக்கினு கீறேன். கம்பவுண்டர கேட்டேன், கூப்புடுவாங்க உக்காருன்னாரு."

சீட்டை வாங்கிப் பார்த்தார் மேடம். நாற்பத்திரண்டு. எல்லா டாக்டர்களுக்கும் ஒரே வரிசை, போர்டில் ஓடிக்கொண்டிருந்தது அதற்கு வெகு தூரம் தாண்டி. இரண்டு தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் சிஸ்டமே அந்த எண்ணை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். கடைசி ஆள் உள்ளே போகும்போது டாக்டர் வேலூர் ரோட்டில் இருப்பார். அடுத்தது அடுத்த திங்கள்தான். அந்த ஒற்றைக் கண் அதுவரை தாங்குமா?

மேடம் எழுந்து உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சார், பங்காருபாளையத்துல ஆளு ஓடி வந்தாடு. இங்க யாரும் ஓடி வர மாட்டாங்க சார். தப்பு நடந்ததே வாள்ளக்கி... அவங்களுக்குத் தெரியாது. கூப்பிடல போலன்னு கூச்சுனி உக்காந்தே இருப்பாங்க."

கோபம் வந்தால் அவருடைய தமிழும் தெலுங்கும் இப்படித்தான் ஒன்றாகக் கலந்து கொட்டும். உடனே மேடம் காரியத்தில் இறங்கினார். "தமிழ்க் குரல தீசெய்யண்டி. எடுத்துடுங்க சார். சுத்தமா எடுத்து, பட சாஃப்ட்வேர ஒழுங்கா ஏத்துங்க. ஃபோர்ஸ் ஒத்து, வேண்டாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பதானே மேடம் அதுக்காகச் சண்ட போட்டீங்க? எடுத்துட்டா தமிழ்ல யாரு கூப்புடறது?"

"நேனு" என்றார். நான்தான் என்று அர்த்தம்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எந்தப் பேக்கேஜை வைப்பது, எதை எடுப்பது என்றே நாங்கள் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும்தான் பேக்கேஜை ஒரு பக்கமும் அது செய்துகொண்டிருந்த வேலையை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்துப் பார்த்தார். பேக்கேஜை எடுக்கலாம், வேலையை எடுக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லையென்றால் இந்த நிமிஷத்துக்குத் தானே செய்வது. அந்த நெருக்கடியில் எனக்கு அது தோன்றியிருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தோன்றியிருக்காது.

நான் பழையதை எடுத்துவிட்டுப் படம் பார்க்கும் மென்பொருளை ஏற்றினேன். சண்டை போட எதிராளி இல்லாததால் நல்ல பிள்ளையாக ஏறியது. மேடம் வரவேற்பு மேசைக்குப் போய், எப்போதோ ஆயுத பூஜைக்கு வாங்கி வைத்திருந்த மைக்கைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார். முதலில் கூப்பிட்டது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

"நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி ரெண்டு நம்பரு அம்மா... லேசரு ரூமுக்கி ரண்டி... அய்யய்யோ, வாங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. காலையிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்த கூட்டம் அத்தனையும் சிரித்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு திருமலையிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெரியவர், "யார்றா இது, தமிழைப் போட்டு இந்த அடி அடிக்குது?" என்றார். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்து, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு குரல் வந்த திசைக்கு நடந்தார். மேடம் மைக்கை மேசையில் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சர்வர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுவதற்கு என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுப் படம் திரையில் நன்றாக வந்தது. விழித்திரையின் ஓரம் கிழிந்து உரிய ஆரம்பித்திருந்தது. நடுப்பார்வைக்கு இன்னும் வரவில்லை. டாக்டர் உடனே லேசர் போட்டு ஓரத்தை அடைத்தார். வெளியே வந்து தம்பியிடம், "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நான் ஒன்னும் செஞ்சிருக்க முடியாதுப்பா" என்றார். தம்பிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. சாருக்கு நன்றி, சாருக்கு நன்றி என்று டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு சத்தியவேடு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மேடம் அதற்குள் எழுபதுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கடைசி நோயாளி போகும்வரை அந்த மைக்கை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது. என் பிரியாணியும் போனது, அது வேறு.

நிரந்தரமாக என்ன செய்வது என்று மறுநாள் உட்கார்ந்தோம். எனக்கு வழி தெரியும். தமிழ்க் குரலைத் தனியாக ஒரு கூண்டு கட்டி, அதற்குள் அதன் பழைய லைப்ரரியோடு தனிக்குடித்தனம் வைத்துவிடலாம். இப்போது நீங்களெல்லாம் தினமும் செய்கிற வேலைதான். நான் ஆர்வமாக ஆரம்பிக்க, மேடம் உடைந்த தொண்டையில் கேட்டார்:

"ஒரு நம்பரு சொல்றதுக்கு இவ்ளோ பெத்த... பெரிய சாமான் எதுக்கு சார்?"

நியாயம்தானே? அந்த மென்பொருள் எதை எழுதிக் கொடுத்தாலும் பேசும். நமக்கு வேண்டியதோ எண்ணும், போக வேண்டிய அறையும். அதைப் பதிவு செய்து வைத்தால் வெறும் ஒலிக் கோப்பு. அதற்கு எந்த லைப்ரரியும் பழசாக வேண்டாம், புதுசாகவும் வேண்டாம். நாளைக்கு எந்த சிஸ்டம் வந்தாலும் யாரோடும் சண்டைக்குப் போகாது. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது எப்படிச் சமாதானம் செய்வது என்றே நான் பார்த்தேன். அந்த ஆள் நமக்குத் தேவையா என்று அவர் பார்த்தார்.

யார் குரலில் பதிவு செய்வது என்று பேச்சு வந்ததும் நர்சுகள் ஒரே குரலாக, "மேடமே பேசட்டும், ஜனங்க நல்லா காது குடுத்துக் கேக்கறாங்க" என்றார்கள். அவர் மாட்டவே மாட்டேன் என்றார். நான்தான் வம்புக்கு இழுத்துச் சம்மதிக்க வைத்தேன். சத்தம் வராத இடம் வேண்டும் என்று போர்வையும் துண்டும் அடுக்கிய ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தோம். ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று தமிழைத் திருத்தினார். 'ரண்டி'யை 'வாங்க' ஆக்க முடிந்தது. 'ரூமுக்கி'யை 'ரூமுக்கு' ஆக்க அந்த நர்சால் கடைசிவரை முடியவில்லை.

இதற்கு அப்புறம் எத்தனையோ இடங்களில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். பிறகு அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார், நானும் ஓய்வு பெற்றேன். அந்த மருத்துவமனையின் சர்வரை வேறு கம்பெனிக்காரர்கள் பார்க்கிறார்கள். மெஷினையே மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன மாசம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். அதே மருத்துவமனை. மனைவி பில் கட்டும் இடத்துக்குப் போய்விட்டாள், நான் மட்டும் பெஞ்சில். நர்ஸ் வந்து இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருந்த போர்டு சிவப்பாகக் கரைந்துபோனது. சீட்டில் இருந்த எண் தெரியவில்லை, கைரேகை தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. கம்ப்யூட்டரோடு வாழ்நாளைக் கழித்தவன், நர்ஸ் சொன்ன முப்பத்தி ஆறை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன். பயமாகவே இருந்தது.

தெலுங்கில் ஒரு குரல் எண்ணைச் சொல்லியது. புதுக் குரல், பளிச்சென்று இருந்தது. அது முடிந்து ஒரு சின்ன இடைவெளி.

"முப்பத்தி ஆறு... ஆபரேசன் ரூமுக்கி வாங்க."

பக்கத்தில் இருந்தவர், "இன்னா தமிழ்ப்பா இது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு அந்தக் குரல் வந்த திசைக்கு நடந்தேன்.